உதவி தேவை: 2005 இல் பதிந்த எங்கள் ஊர் டொமைன் சும்மா கிடக்கிறது, உரிமையாளரைப் பிடிப்பது எப்படி?

நிலாவெளிப்பக்கம்
வணக்கம். திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குப் போகும் வீதியில் இருக்கும் சின்னக் கிராமம் எங்களுடையது. ஊர்ப் பெயரிலேயே ஒரு டொட் கொம் முகவரி இருக்கிறது. சுனாமிக்கு அடுத்த வருடம் வெளிநாட்டில் இருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பதிந்தாராம். யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். முகாமில் இருந்தவர்களின் விபரமும் இடிந்த வீடுகளின் படங்களும் அதில் இருந்தன. இப்போது திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம்.

வாசிகசாலைப் பெடியள் சேர்ந்து ஊருக்கு ஒரு தளம் செய்கிறோம். புறாத்தீவுக்குப் படகு ஓட்டுபவர்களையும் வீட்டில் அறை வாடகைக்குக் கொடுப்பவர்களையும் பயணிகள் நேரே அழைக்க வேண்டும், இடையில் தரகர் வேண்டாம் என்பதுதான் எண்ணம். அதற்கு இந்தப் பெயர்தான் வேண்டும்.

டொமைன் யாருடையது என்று காட்டும் ஹூஇஸ் பதிவேட்டில் பார்த்தேன், பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எல்லாம் மறைத்திருக்கிறது. அந்த டொமைனிலேயே இன்ஃபோ என்ற முகவரிக்கு எழுதினேன், திரும்பி வந்துவிட்டது. ஓகஸ்ட் 3 இல் காலாவதியாகிறது, அதுவரை பொறுத்திருந்தால் கிடைக்கும் என்று ஒரு நண்பன் சொல்கிறான். டொமைன் வாங்கித் தருவதாகச் சொல்லும் இரண்டு மூன்று தளங்களிலும் படிவம் நிரப்பினேன். நேற்று ஒரு மின்னஞ்சல்: "நான் உரிமையாளரின் பிரதிநிதி, விலை 600 டொலர், முற்பணம் 100 அனுப்புங்கள்." அனுப்பலாமா?

கடற்காற்று
தம்பி, ஒரு சதமும் அனுப்பாதீர்கள். உண்மையிலேயே டொமைன் அவர் கையில் இருந்தால், நீங்கள் சொல்லும் ஒரு சொல்லை அதன் டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைனின் அமைப்புக் குறிப்புகள் இருக்கும் இடத்தில், டெக்ஸ்ட் பதிவாகச் (எழுத்துக் குறிப்பாக) சேர்க்கச் சொல்லுங்கள். உரிமையாளருக்கு அது ஐந்து நிமிட வேலை. மற்றவரால் முடியாது.

பெயர் மறைந்திருப்பது உங்கள் பிழை இல்லை. 2018 மே மாதம் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபிறகு டொமைன் பதிந்து கொடுக்கும் பெரும்பாலான பதிவு நிறுவனங்கள் எல்லாரின் விபரத்தையும் மூடிவிட்டன. ஆனால் இரண்டு விடயம் பெரும்பாலும் வெளியே தெரியும்: நாடும் மாகாணமும். டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஐகானின் லுக்கப் (தேடல்) பக்கத்தில் போட்டுப் பாருங்கள். பதிவு நிறுவனத்தின் பெயரும் அங்கே இருக்கும். உரிமையாளரின் முகவரியைக் காட்டாமலே அவருக்குச் செய்தி போய்ச் சேரும்படி ஒரு படிவமோ மாற்று மின்னஞ்சலோ அந்த நிறுவனம் வைத்திருக்க வேண்டும். தரகர் தளங்களை விட்டுவிட்டு அதில் எழுதுங்கள்.

அப்புறம் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் 2005, 2006 ஆம் ஆண்டுப் பக்கங்களைத் திறந்து பாருங்கள். முகப்பை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். "தொடர்புக்கு" பக்கம், விருந்தினர் பதிவேடு, படங்களுக்குக் கீழே உள்ள பெயர்கள். அந்தக் காலத்தில் சொந்த ஹொட்மெயில் முகவரியையும் வீட்டு இலக்கத்தையும் அப்படியே போட்டுவைப்பார்கள்.

மூதூரான்
அவ்வளவு கஷ்டப்படுவானேன்? ஓகஸ்ட் வரை பொறுங்கள். இல்லாவிட்டால் டொட் எல்கே எடுங்கள்.

கடற்காற்று
அண்ணா, பொறுத்திருப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காலாவதித் தேதி முடிந்தவுடன் பெயர் சந்தைக்கு வராது. பதிவு நிறுவனம் 45 நாள் வரை வைத்திருக்கலாம், பிறகு உரிமையாளர் மீட்டெடுக்க 30 நாள், அதன்பின் அழிப்புக்கு 5 நாள். பழைய டொமைன் என்றால் அதற்கு முன்பே பல நிறுவனங்கள் ஏலத்தில் விட்டுவிடும். அழிந்தாலும், பெயர் மீண்டும் பதிவுக்குத் திறக்கும் நொடியிலேயே பிடிக்க மென்பொருளோடு காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இருபது வருடப் பெயர் அவர்கள் கையில் போனால் 600 இல்லை, ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். இத்தனை வருடமாகப் பணம் கட்டி வைத்திருக்கிறார் என்றால் யாரோ ஒருவரின் வங்கி அட்டை இன்னும் அதற்கு வேலை செய்கிறது. அந்த ஆளைத் தேடுவதுதான் வழி.

எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியில் .இலங்கை என்ற தமிழ் முடிவோடு எடுப்பதும் நல்ல யோசனை. ஆனால் இதைத் தேடுவதை அதற்காக விடவேண்டாம்.

உவர்மலை அக்கா
நான் மறுபக்கத்தில் இருப்பவள். 2003 இல் ஒரு டொமைன் வாங்கினேன், இன்றும் அதில் ஒன்றுமில்லை. "உங்கள் டொமைனை வாங்க ஆர்வமாக இருக்கிறோம், விலை சொல்லுங்கள்" என்று அடிக்கடி மின்னஞ்சல் வரும். ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை. எழுதுபவர் யார் என்றே தெரியாது, தெரியாதவருக்கு எதற்கு விலை சொல்ல வேண்டும்? ஒரே ஒருவருக்குத்தான் பதில் எழுதினேன். அவர் தன் பெயர், ஊர், எதற்காகக் கேட்கிறார் என்று எழுதி, கீழே தொலைபேசி இலக்கமும் போட்டிருந்தார். என் பழைய தளத்தைப் பார்த்திருக்கிறார் என்பதும் தெரிந்தது. விற்கவில்லை, ஆனால் மரியாதையாகப் பேசினோம்.

தம்பி, நீங்கள் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் வந்தால் குப்பை மின்னஞ்சல் என்று நினைப்பார். அந்தச் சுனாமிப் படங்களைப் பற்றி எழுதுங்கள். முதல் கடிதத்தில் பணத்தைப் பற்றி ஒரு வரி போதும். பதில் வராவிட்டால் இரண்டு கிழமை கழித்து ஒரு தரம், பிறகு ஒரு மாதம் கழித்து ஒரு தரம். அதற்கு மேல் தொந்தரவு செய்ய வேண்டாம்.

நிலாவெளிப்பக்கம்
எல்லாருக்கும் நன்றி. "பிரதிநிதி"யிடம் டெக்ஸ்ட் பதிவு சேர்க்கச் சொன்னேன், அதோடு ஆள் மறைந்துவிட்டார். லுக்கப்பில் ஒன்ராறியோ, கனடா என்று வந்தது. வேபேக்கில் 2006 ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்று கிடைத்தது. தொடர்பு முகவரி அதே டொமைனில்தான், பயனில்லை. ஆனால் ஒரு படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயர் இருந்தது. அம்மாவிடம் காட்டினேன், உடனே கண்டுபிடித்துவிட்டார்: எங்கள் பழைய வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவரின் மகன். அந்தப் படத்தில் ஓரமாக நிற்பது எங்கள் வீட்டுக் கிணறு. வீடு போய்விட்டது, கிணறு மட்டும் நிற்கிறது. எங்களிடம் அந்த வீட்டின் ஒரு படமும் இல்லை, இதுதான் முதல் தடவை பார்க்கிறேன்.

பதிவு நிறுவனத்தின் படிவத்தில் இன்று இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். கிணற்றைப் பற்றியும் எழுதினேன்.

நிலாவெளிப்பக்கம் (16 நாள் கழித்து)
பதில் வந்தது! படிவத்தில் போனது அவருடைய குப்பைக் கோப்பில் கிடந்ததாம். அவருடைய பெரியம்மா இன்னும் உப்புவெளியில் இருக்கிறார், பெரியம்மா மூலம் நாங்கள் ஃபோனில் சொல்லிவிட்ட பிறகுதான் இவர் தேடிப் பார்த்திருக்கிறார். விலை வேண்டாம், இந்த வருடம் கட்டிய பணத்தை மட்டும் கொடுங்கள் என்றார். ஒரே நிபந்தனை, பழைய படங்கள் புதிய தளத்தில் இருக்க வேண்டும். மூலப் படங்கள் ஒரு சிடியில் இருக்கின்றனவாம். இனி எப்படி மாற்றுவது?

கடற்காற்று
மிகவும் சந்தோஷம், தம்பி. அவர் வைத்திருக்கும் அதே பதிவு நிறுவனத்தில் நீங்களும் ஒரு கணக்குத் திறவுங்கள். கணக்கிலிருந்து கணக்குக்கு உள்ளேயே மாற்றச் சொல்லுங்கள், அதுதான் சுலபம். வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் மாற்றத்தைத் தடுக்கும் பூட்டை அவர் திறந்து, ஓத் கோட் என்ற இரகசியக் குறியீட்டைத் தர வேண்டும். அந்தக் கோட்டை வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், அது சாவி மாதிரி. உரிமையாளர் பெயரை மாற்றியதும் சில இடங்களில் வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாதபடி 60 நாள் பூட்டு விழும், பயப்பட வேண்டாம், தளம் வேலை செய்யும். பெரிய தொகை என்றால் பணத்தை நடுவில் பிடித்துவைக்கும் எஸ்க்ரோ சேவை வேண்டும் என்பேன். உங்களுக்கு அது தேவையில்லை.

கணக்கை வாசிகசாலையின் மின்னஞ்சலில் திறவுங்கள், ஒருவரின் சொந்த முகவரியில் வேண்டாம். கடவுச்சொல் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும்.

நிலாவெளிப்பக்கம்
சரி அண்ணா. ஞாயிறு இரவு எட்டரைக்கு, அவருக்குக் காலை பதினொரு மணி, வீடியோ அழைப்பில் சேர்ந்து செய்யப்போகிறோம். அம்மாவும் பக்கத்தில் இருப்பார், அவரோடு பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.