‘ஸ்டூல் லேண்ட்’ என்பதற்குத் தமிழ் என்ன?

தொடக்க மடல்

அன்புள்ள குழுவினருக்கு,

கானா நாட்டு நிலவுடைமை பற்றிய கல்லூரிப் பாடமொன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குத் தரவேண்டும். அங்கே அக்கான் இனத் தலைவர் அமரும் மர இருக்கையே பதவியின் அடையாளம். அந்த இருக்கைக்குரிய நிலத்தை ‘ஸ்டூல் லேண்ட்’ என்கிறார்கள். 1992ஆம் ஆண்டு அரசமைப்பின் 267ஆம் பிரிவின்படி, அந்நிலம் தலைவரின் சொந்தச் சொத்தன்று. குடிகளின் பொருட்டு அந்த இருக்கையின் பொறுப்பில் இருப்பது. அதை முற்றுரிமையாக எவருக்கும் எழுதித்தர இயலாது, குத்தகைக்கு விடலாம். சென்ற ஆண்டு ‘முக்காலி நிலம்’ என்று எழுதினேன். மூன்று மூலை கொண்ட நிலம் என்று மாணவர் ஒருவர் விடை எழுதிவிட்டார். ‘மணைநிலம்’ பொருந்துமா?

மறுமொழி: பள்ளி ஆசிரியை

மணை நல்ல சொல்தான் ஐயா. கல்யாண மணையை அறியாதார் இல்லை. ஆனால் குமாசி நகரின் விளிம்பில் மக்காச்சோளமும் மரவள்ளியும் விளைந்த நிலத்தைத் தலைவர்கள் வீட்டுமனைகளாகப் பிரித்துக் குத்தகைக்கு விடுவதுதானே உங்கள் பாடத்தின் மையம்? ‘மணைநிலம் மனைநிலமாயிற்று’ என்று வகுப்பில் உரக்கப் படித்துப் பாருங்கள்; எது எதுவாயிற்று என்று ஒருவருக்கும் விளங்காது. அத்துடன், மனை பெறுவோர் தலைவருக்குத் தரும் ‘டிரிங்க் மனி’யைக் ‘குடிப்பணம்’ என்று பெயர்த்திருக்கிறீர்கள். அது குடிகள் தரும் பணமா, குடிப்பதற்குத் தரும் பணமா? ஒருகாலத்தில் ஒரு புட்டி மதுவாக இருந்த மரியாதை இன்று பெருந்தொகையாகிவிட்டது. வாடகை என்ற பெயர் அதற்கு இல்லாததால், நில வருவாயில் நிர்வாகத்துக்கு 10 விழுக்காடு போக எஞ்சியதை இருக்கைக்கு 25, மரபுவழி ஆட்சிமன்றத்துக்கு 20, மாவட்ட மன்றத்துக்கு 55 என்று பிரிக்கும் கணக்கில் அது சேர்வதே இல்லை. இதையும் சொல் காட்டவேண்டாமா?

மறுமொழி: ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

‘கட்டில் நிலம்’ என்க. புலவர் மோசிகீரனார், அரசமுரசை வைக்கும் முரசுகட்டிலில் அறியாது துயின்றதும், சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அவரை வாளுக்கு இரையாக்காமல் விசிறி நின்றதும் புறநானூற்றின் 50ஆம் பாடலில் உள்ளன. அக்கான் இனத்தில் ஒரு பிரிவினரான அசாந்தியரின் பொன்னிருக்கையும் மனிதர் அமராத இருக்கையே. 1900இல் ஆங்கில ஆளுநர் ஹாட்ஜ்சன் தாம் அமர அதைக் கேட்டதால்தான் அரசித்தாய் யா அசன்டேவா தலைமையில் போர் மூண்டது. அரசுகட்டிலில் துஞ்சிய நெடுஞ்செழியனைப் பெற்ற மொழிக்கு இச்சொல்லுக்கா பஞ்சம்?

மறுமொழி: சட்ட மொழிபெயர்ப்பாளர்

பேராசிரியர் ஐயா பொறுத்தருள்க. இன்றைய மாணவருக்குக் கட்டில் என்றால் படுப்பதுதான். மேலும், வடகானாவில் தலைவர் அமர்வது மரத்தின்மேல் அன்று, விலங்குத்தோலின்மேல். அரசமைப்பும் ‘இருக்கை’ என்பதில் ‘தோல்’ அடங்கும் என்றே வரையறுக்கிறது. ஆகவே மரத்தையும் விரிப்பையும் ஒருங்கே தழுவும் சொல் வேண்டும். ஆசனத்துக்கும் தடுக்குக்கும் யானைமேல் இடும் மெத்தைக்கும் வழங்கிய ‘தவிசு’ அதற்குப் பொருந்தும். ‘தவிசுநிலம்’ என் பரிந்துரை.

தொடக்க மடலாரின் மறுமொழி

மாணவர்கள் இதைத் ‘தவிட்டு நிலம்’ என்று படிப்பார்கள் என்ற அச்சம் எனக்கு உண்டு. ஆயினும் வேறு வழி தெரியாததால், முதல் இடத்தில் விளக்கம் சேர்த்துத் ‘தவிசுநிலம்’ என்றே அனுப்புகிறேன்.

மறுமொழி: பேராசிரியர்

என் மாறுபாட்டைப் பதிவு செய்க. யானைமேல் இடும் மெத்தைக்குக் குடிகள் உண்டோ?

மறுமொழி: பள்ளி ஆசிரியை

தவிசுக்கு உடன்படுகிறேன். குடிப்பணத்தை என்ன செய்தீர்கள்?