முயல் கண்ணியும் காட்டரிசியும்: ஒரு ஒஜிப்வே பாட்டி சொன்ன பஞ்சம்

டுலூத்காரன்:

ரொம்ப நாளாக எழுத நினைத்தது, இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக் கரையில் டுலூத் என்ற ஊரில் ஆறு வருஷம் இருந்தேன். ஒஜிப்வே என்பது அந்தப் பக்கத்துப் பூர்வகுடி. கூட வேலை பார்த்த ஒஜிப்வே நண்பன் ஒரு செப்டம்பரில் விஸ்கான்சின் பக்கம் ரிசர்வேஷனில் (பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய நிலம்) இருக்கும் தன் பாட்டி வீட்டுக்குக் கூட்டிப் போனான். மனோமின் என்கிற காட்டரிசியின் அறுவடை நேரம். அரிசியைப் பற்றி எனக்கே பாடமா என்ற தைரியத்தில் போனேன். அது ஏரித் தண்ணீரில் தானாக முளைக்கிற புல், நம் நெல்லுக்குத் தூரத்துச் சொந்தம். தோணியில் ஒருவர் கழி ஊன்றித் தள்ள, இன்னொருவர் ஒரு குச்சியால் கதிரை வளைத்து மறு குச்சியால் தட்டுகிறார். கணிசமான மணி தண்ணீரிலேயே விழுகிறது. "வீணாகிறதே" என்றேன். "அதுதான் அடுத்த வருஷத்து விதை" என்றான்.

அன்று ராத்திரி பாட்டியிடம் விண்டிகோ என்ற ராட்சசனின் கதை கேட்டேன். முறைத்தார். அந்தக் கதைகளைத் தரையில் பனி இருக்கும்போதுதான் சொல்வார்களாம். சரி என்று ஜனவரியில் மறுபடி போனேன். வெளியே மைனஸ் இருபத்தைந்து. விண்டிகோ கதையை அவர் நேராகச் சொல்லவில்லை, தன் ஏழாவது வயதில் வந்த ஒரு குளிர்காலத்தைச் சொன்னார். 1940கள்.

அந்த வருஷம் ஜூனில் ஏரித் தண்ணீர் ஏறி, இலை மிதக்கும் பருவத்தில் இருந்த பயிரை வேரோடு கிளப்பிவிட்டது. அதனால் வீட்டில் மனோமின் ஒரே ஒரு மரப்பட்டைப் பெட்டிதான். அது போதாதென்று இலையுதிர் காலத்தில் அப்பா ரிசர்வேஷன் எல்லைக்கு வெளியே மான் சுட்டுப் பிடிபட்டார், துப்பாக்கியும் போனது, ஆளும் உள்ளே. 1837, 1842 ஒப்பந்தங்களில் அமெரிக்க அரசுக்கு நிலத்தைக் கொடுத்தபோதே அங்கே வேட்டையாடும் உரிமையைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டவர்கள் இவர்கள், ஆனால் மாநிலம் அதை மதிக்கவில்லை, அந்த உரிமை இன்னும் செல்லும் என்று ஃபெடரல் நீதிமன்றம் சொன்னது 1983இல்தான். இதைச் சொல்லும்போது மட்டும் பாட்டி குரல் கொஞ்சம் உயர்ந்தது.

ஆக வீட்டில் பாட்டியின் பாட்டி, அம்மா, நாலு பிள்ளைகள். அம்மா முயல் ஓடும் தடங்களில் கம்பிக் கண்ணி வைப்பார், நரி முந்திக்கொள்ளும் முன் விடியற்காலையில் போய்ப் பார்க்க வேண்டும். அந்தக் காட்டு முயல் சுமார் பத்து வருஷத்துக்கு ஒரு சுற்றாகப் பெருகும், அப்புறம் திடீரென்று அற்றுப்போகும். அவர்களுக்கு வாய்த்தது அற்றுப்போன வருஷம். கிடைத்த ஒன்றிரண்டிலும் கொழுப்பே கிடையாது. எனக்கு இது புதுச் செய்தி: வெறும் முயல் கறியையே தின்றுகொண்டிருந்தால் வயிற்றுப்போக்கு வரும், எவ்வளவு தின்றாலும் பசி அடங்காது, ஆள் கரைந்துகொண்டே போவார். அதனால் ஒரு டப்பா பன்றிக் கொழுப்பைக் கிழவி, அதாவது பாட்டியின் பாட்டி, தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவாராம். பானைக்கு ஒரு கரண்டி, ஒரு கைப்பிடி மனோமின், அவ்வளவுதான்.

இதில் அம்மா ஒருநாள் பாதி முயலைத் துணியில் சுற்றி, ஏரிக்கு அக்கரையில் இருந்த குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். "போகிற வழியெல்லாம் அம்மாவைத் திட்டிக்கொண்டே போனேன்" என்று சிரித்தார் பாட்டி. பத்து நாள் கழித்து அந்த வீட்டுக்காரர் உறைந்த ஏரியில் துளை போட்டு ஈட்டியால் குத்திய பெரிய மீனோடு வந்து நின்றாராம்.

இன்னொரு நாள் தம்பி ஒரு தொடை எலும்பைப் போர்வைக்குள் ஒளித்துவைத்தான். யாரும் அடிக்கவில்லை. கிழவி அன்று ராத்திரி விண்டிகோவைப் பற்றிச் சொன்னார்: பஞ்சத்தில் மனுஷனையே தின்னத் தொடங்குகிற ராட்சசன், தின்னத் தின்ன உடம்பும் பெரிதாகிக்கொண்டே போகும், அதனால் ஒருநாளும் வயிறு நிறையாது. கதை முடியும் முன்னே எலும்பு பானைக்கு வந்துவிட்டது. மார்ச்சில் மேப்பிள் மரங்களில் நீர் இறங்கியது. நாற்பது லிட்டர் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் பாகு, பிள்ளைகளோ காய்ச்சும்வரை பொறுக்காமல் நீரையே குடித்தார்களாம்.

தண்டர்பே அக்கா:

தம்பி, நான் யாழ்ப்பாணம், இங்கே கனடாவில் தண்டர் பேயில் நர்ஸ். என்னுடைய வார்டில் இருந்த ஒரு ஒஜிப்வே அம்மா தட்டில் பாதியை வைத்துவிடுவா. பிடிக்கவில்லையோ என்று கேட்டன். "மகள் வருவாள்" என்றா. மகளுக்கு அறுபது வயது, வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவா. உங்கட பதிவைப் படித்தபோது அந்தத் தட்டுத்தான் கண்ணுக்குள் வந்தது.

ஏரிக்கரையான்:

மின்னசோட்டாவில் சாண்டி லேக் பக்கம் போகிறவர்கள் அங்குள்ள நினைவிடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். 1850இல் ஒஜிப்வே மக்களுக்கு ஒப்பந்தப்படி வருஷா வருஷம் தரவேண்டிய பணத்தையும் பொருளையும் வழக்கமான இடமான விஸ்கான்சின் லா பாயிண்ட்டில் தராமல், அக்டோபர் கடைசியில் இங்கே வரச்சொன்னது அரசு. அவர்களை மேற்கே நகர்த்திவிடுவதுதான் திட்டம். ஆயிரக்கணக்கானோர் தோணியில் வந்து காத்துக் கிடந்தார்கள், டிசம்பர் தொடக்கத்தில்தான் கொஞ்சம் பொருள் கிடைத்தது, பணம் இல்லை. அதற்குள் கெட்டுப்போன உணவு, வயிற்றுக்கடுப்பு, தட்டம்மை. அங்கேயே சுமார் 150 பேர், உறைந்த வழியில் நடந்தே ஊர் திரும்பும்போது இன்னும் இருநூற்றுச் சொச்சம் பேர் இறந்தார்கள்.

எனக்கு ஆறாதது இதுதான்: குளிர் வந்தால் இவர்கள் ஊராகக் கூடி இருக்கவே மாட்டார்கள். குடும்பம் குடும்பமாகப் பிரிந்து அவரவர் வேட்டைக் காட்டுக்குப் போய்விடுவார்கள், ஒரே காட்டில் எல்லாரும் இருந்தால் எல்லாரும் பட்டினி. அதைத் தலைகீழாக்கி, பனிக்காலத்தில் மொத்தப் பேரையும் ஒரே இடத்தில் நிறுத்தினார்கள். 1852இல் தொண்ணூறு வயதை ஒட்டிய ஒஜிப்வே தலைவர் பஃபலோ தோணியில் கிளம்பி வாஷிங்டன் வரை போய் அதிபர் ஃபில்மோரைப் பார்த்த பிறகுதான் வெளியேற்ற உத்தரவு ரத்தானது.

டுலூத்காரன்:

அக்கா, பாட்டி வீட்டிலும் அதே பழக்கம், பானையில் எப்போதும் ஓர் ஆள் சாப்பாடு மிச்சம் இருக்கும். ஏரிக்கரையான் அண்ணா, நினைவிடத்துக்குப் போனதில்லை, போகிறேன்.

உள்பெட்டியில் இரண்டு பேர் அரிசி எங்கே கிடைக்கும் என்று கேட்டீர்கள். கடையில் கன்னங்கரேலென்று மினுக்குவது பெரும்பாலும் வயலில் பயிரிட்டது. ஏரியில் தட்டி எடுத்து விறகில் வறுத்தது பழுப்பாக இருக்கும், புகை வாசம் வரும், இருபது நிமிஷத்தில் வெந்துவிடும். பாட்டி கொடுத்தனுப்பியதை நான் குக்கரில் போட்டு மூன்று விசில் விட்டுக் கஞ்சியாக்கினேன். அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.