பொருள்: கிளை நறுக்கும் கத்தரிக்குச் சொல் வேண்டும், நாளை காலைக்குள்

மொழிபெயர்ப்பாளர்:

அன்பர்களே, புதிதாகத் தோட்டம் போடுவோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நாளை காலை அச்சுக்குப் போயாக வேண்டும். மண்வெட்டி, களைக்கொத்து, பூவாளி ஆகியவற்றுக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. மண் அள்ளும் சிறு கைக்கருவிக்கு "நடவுக் கரண்டி" என்று போட்டுவிட்டேன். மாட்டிக்கொண்டது செகட்டரில்தான். ஒரு கையால் அழுத்திக் கிளை நறுக்குகிற, நடுவில் சுருள்வில் வைத்த கருவி. அதில் இரண்டு வகை. ஒன்றில் இரண்டு அலகுகள் உரசிக் கடக்கும். மற்றதில் கூரான அலகு ஒரு தட்டைப் பரப்பின்மேல் வந்து அமரும். எனக்கு வந்த பழைய வரைவில் முதல் வகைக்குப் "புறவழிக் கத்தரி" என்றிருக்கிறது. லாரிகள் போகிற சாலைதான் கண்ணில் தெரிகிறது.

தமிழாசிரியர்:

செகட்டர் பிரெஞ்சுச் சொல். இலத்தீனில் வெட்டுதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. வெட்டுவதற்கு வினை இல்லாமலா இருக்கிறோம்? அரி, ஈர், கொய், தறி, துணி, குறை. கிளையைத் தறிப்பது மரபு. "தறிகோல்" என்க. வினைத்தொகை, ஒற்று மிகாது.

தோட்டம் வைத்திருப்பவர்:

ஐயா, தறி என்றதும் நெசவாளர்தான் நினைவுக்கு வருவார். தோட்டக்கலையில் கிளை வெட்டிச் சீராக்குவதற்குக் கவாத்து என்ற சொல் நெடுநாளாக வழங்குகிறது. "கவாத்து கத்தரி" போதும்.

தமிழாசிரியர்:

முதலில் ஒற்றைப் போடுங்கள். வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகும்: கவாத்துக் கத்தரி. அடுத்து, கவாத்து என்பது சிப்பாய்களின் அணிவகுப்புப் பயிற்சியல்லவா? அந்தச் சொல்லைத் தோட்டத்துக்குள் விடுவானேன்?

மென்பொருள்காரர்:

என் கவலை வேறு. "கவாத்துக் கத்தரி" என்று பார்க்கிற புதியவர் அதை ஒட்டுரகக் கத்தரிக்காய் என்று நினைத்து விதை தேடுவார். கத்திரி என்று எழுதினால் வெயில் காலம் வந்து நிற்கும்.

மொழிபெயர்ப்பாளர்:

பக்கத்தில் படம் இருக்கிறது, காயென்று நினைக்க மாட்டார்கள். கவாத்துக் கத்தரி என்றே வைத்துக்கொள்கிறேன். இரு வகைக்கும் பெயர் சொல்லுங்கள். எதை முதலில் வாங்குவது என்பதே அந்த அத்தியாயத்தின் உயிர்.

தமிழாசிரியர்:

தட்டைப் பரப்புள்ளதற்குப் "பட்டடைக் கத்தரி". கொல்லன் இரும்பை வைத்து அடிக்கும் பட்டடை. 821ஆம் குறள்: "சீரிடம் காணின் எறிதற்குப் பட்டடை நேரா நிரந்தவர் நட்பு." தாங்குவது போலிருந்து, சமயம் வாய்த்ததும் நசுக்கத் துணைபோகும் நட்பு.

தோட்டம் வைத்திருப்பவர்:

இந்த ஒரு சொல்லுக்காக ஐயாவின் தறிகோலை மன்னித்தேன். என் முதல் கத்தரி அந்த வகைதான். ரோஜாவின் பச்சைத் தண்டை வெட்டினேன். நுனியைப் பார்த்தால் வட்டமாக இல்லை, மென்று துப்பிய குச்சி போலச் சப்பையாகிப் பட்டை கிழிந்திருந்தது. சில நாளில் அந்த நுனி கறுத்தது. காய்ந்த குச்சிக்குப் பட்டடை நன்று, உயிருள்ள தண்டுக்கு உரசிக் கடப்பதே நன்று. ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் உரசிக் கடப்பதை வாங்கச் சொல்லுங்கள். விரல் பருமனுக்கு மேல் போனால் கைவாள்தான்.

மென்பொருள்காரர்:

அப்படியானால் மற்றதை "இருவாய்க் கத்தரி" என்போம். கத்தி முனைக்கு வாய் என்ற வழக்கு உண்டே.

தோட்டம் வைத்திருப்பவர்:

வாய் ஒன்றுதான். பெரும்பாலானவற்றில் எதிர் அலகு தடித்த கொக்கி, தண்டைப் பிடித்துக்கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. அதனால்தான் கூரான அலகு செடியில் நிற்கப்போகிற பகுதியின் பக்கம் இருக்குமாறு பிடிக்க வேண்டும். நசுங்குவது வெட்டி எறிகிற துண்டாக இருக்கட்டும். இருவாய் என்று எழுதினால் புதியவர் எப்படிப் பிடித்தாலும் ஒன்றே என்று எண்ணிவிடுவார்.

மொழிபெயர்ப்பாளர்:

"உரசுகத்தரி"?

தமிழாசிரியர்:

உரசலினும் பழைய வினை இருக்கிறது. உரிஞ்! ஞகர மெய்யில் முடியும் வினைக்கு இலக்கணம் காட்டும் எடுத்துக்காட்டு. தேய்த்தல் என்று பொருள். இரண்டு இரும்புகள் தேய்ந்து கடப்பதற்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. உகரம் பெற்று "உரிஞுகத்தரி" ஆகும்.

மென்பொருள்காரர்:

அச்சுக்கோப்பவர் அதைத் திருத்தி "உறிஞ்சு" ஆக்குவார். செடியின் சாற்றை உறிஞ்சும் கத்தரி.

தமிழாசிரியர்:

அச்சுக்கோப்பவருக்கு அஞ்சியா மொழி நடப்பது? "உரிஞ்" இருபதுபேர் வாயில் வந்தால் இருநூறுபேர் வாயில் வரும்.

தோட்டம் வைத்திருப்பவர்:

அந்த இருபதுபேரில் என்னைச் சேர்க்க வேண்டாம், ஐயா. பூவாளியை யாரும் குழு வைத்துச் செய்யவில்லை.

மொழிபெயர்ப்பாளர்:

மணி ஒன்றரை. பொதுப்பெயர் கவாத்துக் கத்தரி, வகைகள் உரசுகத்தரி, பட்டடைக் கத்தரி என்று கோப்பை அனுப்பிவிட்டேன். மறுப்பவர்கள் மறுபதிப்பு வரும்போது சொல்லலாம். அனைவருக்கும் நன்றி.

தமிழாசிரியர்:

மறுப்பைப் பதிவுசெய்கிறேன். உரசுகத்தரியை ஒருவாறு ஏற்கலாம். "நடவுக் கரண்டி"யை யாரும் ஏன் கேட்கவில்லை? கொத்தனார் கையிலிருக்கும் கரணை என்னும் அழகான சொல் இருக்கிறதே!