பொருள்: நேவ்பாக்ஸுக்கு ஒரு நல்ல சொல்

வணக்கம்.
விக்கிக் கட்டுரையின் அடியில் தொடர்புள்ள கட்டுரைகளை அடுக்கிக் காட்டும் வார்ப்புருவை (பல பக்கங்களில் அப்படியே இடக்கூடிய ஆயத்தத் துண்டு; இந்த வகையின் ஆங்கிலப் பெயர் நேவ்பாக்ஸ்) "வழிசெலுத்தல் பெட்டி" என்று எழுதிவருகிறோம். பக்கவாட்டுப் பட்டிக்கும் வழிசெலுத்தல்தான். உதவிப் பக்கம் படிக்கும் புதியவர் எதைச் சொல்கிறோம் என்று புரியாமல் விழிக்கிறார். "கட்டுரைச்சரம்" எப்படி?
— இலாசுப்பேட்டை

மறு:
ஐயா, சரம் ஏற்கெனவே நிரலாக்கத்தில் எழுத்துத் தொடரைக் குறிக்கும் ஸ்ட்ரிங்குக்குப் போய்விட்டது. லுவா நிரல்மொழியில் வார்ப்புரு எழுதுகிறவர்கள் அன்றாடம் புழங்கும் சொல். தவிர, சரம் ஒற்றை இழை. பெட்டியிலோ ஆறுகள், கோயில்கள், வட்டங்கள் என்று குழுக்குழுவாக வரும். "கொத்து" பொருந்தும்: கட்டுரைத் தொகுதி கொத்து, அதைக் காட்டும் வார்ப்புரு கொத்துப்பெட்டி. கொத்து பரோட்டா நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.
— மஞ்சக்குப்பம்

மறு:
கொத்து எனக்கும் சம்மதம். ஆனால் பகுப்பிலிருந்து (கட்டுரைகளை வகைப்படுத்தும் கேட்டகரி) அது எங்கே வேறுபடுகிறது என்பதை வரையறையிலேயே சொல்லிவிட வேண்டும். கடலூர் மாவட்ட ஆறுகளையே பாருங்கள். பகுப்பில் அகரவரிசை: கெடிலம், கொள்ளிடம், தென்பெண்ணை, பரவனாறு, வெள்ளாறு. கொத்தில் வடக்கேயிருந்து தெற்காகத் தென்பெண்ணையில் தொடங்கிக் கொள்ளிடத்தில் முடிக்கலாம். பகுப்பு, கட்டுரையில் ஒரு வரி எழுதினால் தானே நிரம்பும். கொத்தைக் கையால்தான் கட்ட வேண்டும்: வார்ப்புருவில் கட்டுரையின் பெயரைச் சேர்ப்பது ஒரு வேலை, அந்தக் கட்டுரையின் அடியில் வார்ப்புருவை இடுவது இன்னொரு வேலை. பலர் முதல் வேலையோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்போது போக வழியுண்டு, திரும்ப வழியில்லை.

வழிமாற்றுப் பெயரை (வேறொரு தலைப்புக்குத் திருப்பிவிடும் பெயர்) உள்ளே போடாதீர்கள். வாசகர் நிற்கும் பக்கத்தின் பெயர் பெட்டியில் இணைப்பு நீங்கித் தடித்த எழுத்தில் தெரிய வேண்டும். "பாண்டிச்சேரி" என்று இணைத்திருந்தால் புதுச்சேரி கட்டுரையில் அது நடக்காது. வார்ப்புருவின் சொந்தப் பகுப்பை நோஇன்க்ளூட் குறிக்குள் (அதற்குள் இருப்பது வார்ப்புருவின் பக்கத்தோடு நின்றுவிடும்) வைக்காவிட்டால் கொத்திலுள்ள அத்தனை கட்டுரையும் அந்தப் பகுப்பில் போய் விழும்.

அளவும் முக்கியம். 40 கட்டுரைகள் கொண்ட கொத்தில் ஒவ்வொன்றுக்கும் மற்ற 39-இலிருந்தும் இணைப்பு வந்துவிடும். "இப்பக்கத்தை இணைத்தவை" பட்டியலில் உண்மையாக உரைக்குள் இணைத்தது எது என்று பிரித்தறிய முடியாது. மாவட்டம் முழுவதற்கும் ஒரே பெட்டி கட்டும் ஆசையை விட்டு, ஆறுகளுக்கு ஒன்று, கோயில்களுக்கு ஒன்று என்று பிரிப்பதே என் கட்சி.
— நெல்லித்தோப்பு

மறு:
சரத்தை விட்டுவிடுகிறேன். பல சர்வர்கள் சேர்ந்த க்ளஸ்டருக்குச் சிலர் "கொத்தணி" என்கிறார்கள். அது தனிச்சொல்லாகவே நிற்பதால் மோதாது. தனியே "கொத்து" என்று எழுதினால் வினையாகவும் படிக்கலாம் என்பதால், வார்ப்புருவைச் சொல்லும் இடங்களில் முழுதாகக் "கொத்துப்பெட்டி", நடுவில் ப் மிகுத்து.

வார்ப்புருவைப் புதிய பெயருக்கு நகர்த்தும்போது பழைய பெயரை வழிமாற்றாக விட்டுவைப்போம். இல்லையேல் அதை அழைக்கும் பக்கங்களில் பெட்டி இருந்த இடத்தில் சிவப்பு இணைப்புதான் தெரியும். விக்கிப்பீடியாவின் கைபேசிப் பார்வையில் இந்தப் பெட்டி வருவதில்லை என்பதையும் விளக்கத்தில் எழுத வேண்டும். பிச்சாவரம் கட்டுரைக்குச் சிதம்பரமும் வெள்ளாறும் கட்டாயம் வேண்டுமென்றால் உரையிலோ "இவற்றையும் பார்க்கவும்" பகுதியிலோ தனியே இணைத்துவிடுங்கள்.
— இலாசுப்பேட்டை