குற்றம் நடந்த தேதியா, தீர்ப்பு வரும் தேதியா?

கேள்வி:
சட்டப் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி நான். போக்சோ சட்டத்தின் 6ஆம் பிரிவில் குறைந்தபட்சத் தண்டனை 2019 ஆகஸ்ட் 16 முதல் 10 ஆண்டிலிருந்து 20 ஆண்டாக உயர்த்தப்பட்டது. அதற்கு முன்பு நடந்த குற்றத்துக்கு அதன் பிறகு தீர்ப்பு எழுதும் நீதிபதி எந்தப் பிரிவைப் பின்பற்ற வேண்டும்? என்னிடம் உள்ள புத்தகத்தில் பழைய பிரிவே இல்லை.

பதில் 1:
பழைய பிரிவைத்தான். குற்றம் நடந்தபோது நடப்பிலிருந்த சட்டம் விதித்திருக்கக்கூடிய அளவை மீறி ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 20(1). சத்தீஸ்கரில் 2019 மே 20 அன்று நடந்த ஒரு குற்றத்தில், விசாரணை நீதிமன்றம் திருத்தப்பட்ட பிரிவின்படி 'எஞ்சிய இயற்கை வாழ்நாள் முழுவதும்' சிறை என்று விதித்தது. குற்றத்துக்கும் திருத்தத்துக்கும் இடையே மூன்று மாதம்கூட இல்லை. ஆயினும் 2025இல் உச்ச நீதிமன்றம், குற்றத் தீர்ப்பை உறுதிசெய்துவிட்டு, அந்தச் சொற்களை மட்டும் நீக்கிப் பழைய பிரிவின்படியான கடுங்காவல் ஆயுள் தண்டனையாக மாற்றியது.

கேட்டவர்:
நன்றி ஐயா. சட்டம் தண்டனையைக் குறைத்தாலும் இதே விதிதானா?

பதில் 2:
இல்லை அம்மா, 20(1) தடுப்பது கூடுதல் தண்டனையை மட்டுமே. ரத்தன் லால் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கைப் படியுங்கள். 16 வயதுச் சிறுவனுக்கு 1962 மே மாதம் ஆறு மாதச் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோது, செப்டம்பர் 1 அன்று, சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை உறுதியின் பேரில் விடுவிக்க இடம்தரும் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் அந்தப் பகுதிக்கு நீட்டிக்கப்பட்டது. அதன் பலன் அவனுக்கும் கிடைக்க வேண்டும் என்று நீதிபதி சுப்பா ராவ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. மேல்முறையீடு முடிந்திருந்தால் இதே வாதம் எடுபட்டிருக்குமா என்பது வேறு கேள்வி.

பதில் 3:
முதல் பதிலை அப்படியே எல்லா இடத்துக்கும் பொருத்திவிடாதீர்கள். முன்விடுதலையில், அதாவது தண்டனைக் காலம் முடியுமுன் கைதியை விடுவிப்பதில், தேதிக் கணக்கு மாறும். மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் கைதியானவர் 14 ஆண்டு சிறையில் கழித்தாக வேண்டும் என்ற, அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433ஏ பிரிவு, 1978 டிசம்பர் 18 அன்று நடைமுறைக்கு வந்தது. அது தண்டனையைக் கூட்டவில்லை, சலுகையைத்தான் கட்டுப்படுத்துகிறது என்பதால் 20(1)க்கு முரணில்லை என்று மாரு ராம் வழக்கில் 1980இல் உச்ச நீதிமன்றம் கூறியது. (கம்பிக்குள் நாள் எண்ணுபவருக்கு இந்த வேறுபாடு விளங்குமா என்பது என் நெடுநாள் சந்தேகம்.) அந்தத் தேதிக்கு முன்பே விசாரணை நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்ட வழக்குகளுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. ஆகவே, 1977இல் குற்றம் செய்து 1979இல் தண்டனை பெற்றவருக்கு 14 ஆண்டு கட்டாயம்தான்.