திரெட்டன்டு, எண்டேஞ்சர்டு: இடர்முகம், அழிவுமுகம் என்று வைக்கலாமா?

வணக்கம் ஐயா,

உயிரினங்களைப் பற்றிச் சொல்லும் திரெட்டன்டு (threatened), எண்டேஞ்சர்டு (endangered) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் தமிழில் 'அருகிய இனம்' போதும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒத்துவரவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதும் குறிப்பில் கொலராடோ, வயோமிங் ஓடைக்கரைகளில் வாழும் பிரெபிள் துள்ளெலியையும் (ஜம்பிங் மவுஸ்) ஹவாயின் பிளாக்பர்ன் ஸ்பிங்க்ஸ் அந்துப்பூச்சியையும் ஒப்பிடுகிறேன். இரண்டுக்கும் அழியும் உயிரினங்களைக் காக்கும் அமெரிக்காவின் 1973ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுதான், ஆனால் அதன் பட்டியலில் எலியை 1998இல் திரெட்டன்டு என்றும் அந்துப்பூச்சியை 2000இல் எண்டேஞ்சர்டு என்றும் சேர்த்தார்கள். இரண்டையும் அருகியது என்று எழுதினால் ஒப்பீடே போச்சு.

எலிக்கு அழிவு இன்னும் வாசலுக்கு வரவில்லை, ஓடைக்கரையில் வீடும் சாலையும் இப்படியே பெருகினால் வந்துவிடும், அவ்வளவுதான் திரெட்டன்டு என்ற சொல் சொல்கிறது. அந்துப்பூச்சி அப்படியில்லை. அற்றே போய்விட்டது என்று நினைத்திருந்தபோது 1984இல் மாவி தீவில் திரும்பக் கிடைத்தது. அதன் புழு தின்னும் ஐயேயா கத்தரிக் குடும்பத்து மரம், அந்த மரத்திலேயே சில இனங்கள் அழியும் நிலையில் இருக்கின்றன. வெளியிலிருந்து வந்த மரப்புகையிலையைத் தின்றும் பிழைக்கிறது, பாவம்.

அருகுதல் என்றால் குறைதல், அரிதாதல். அரிதாக இருப்பதெல்லாம் ஆபத்தில் இருப்பதில்லை, நிறைய இருப்பதும் மளமளவென்று குறைந்தால் ஆபத்துதான். குளச்சலில் யாரிடம் கேட்டாலும் ஒன்றாம் எண் புயல் கூண்டும் பத்தாம் எண் கூண்டும் ஒன்றில்லை என்பார்கள், 2017இல் ஒக்கியைப் பார்த்த ஊர். அந்தப் படி வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டும்.

அதனால் திரெட்டன்டுக்கு 'இடர்முக இனம்', எண்டேஞ்சர்டுக்கு 'அழிவுமுக இனம்' என்று வைக்கலாம். ஏறுமுகம், இறங்குமுகம் நம் வாயில் இருக்கிற சொற்கள், பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் வெளியிடும் சிவப்புப் பட்டியலில் திரெட்டன்டு என்பது மூன்று படிகளுக்கும் பொதுப்பெயர், எண்டேஞ்சர்டு அதில் நடுப்படி. அங்கே இடர்முகத்துக்குள் அழிவுமுகம் அடங்கும், அதனால் அங்கேயும் இந்தச் சொற்கள் உதைக்காது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், சுருக்கி 'அழிமுகம்' ஆக்கிவிடாதீர்கள். மலையாளத்தில் அது ஆறு கடலில் சேரும் இடம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்துப் பிள்ளை பொழிமுகத்தைத்தான் நினைக்கும். அந்த 'வு' இருக்கட்டும்.

அப்புறம், 'துள்ளெலி' சரிதானா? நீண்ட வாலோடு தாவிப் போகிற எலி என்பதால் அப்படி எழுதினேன். 'தாவெலி' என்றால் இன்னும் நன்றாக இருக்குமோ என்றும் தோன்றுகிறது, நீங்கள் சொல்லுங்கள் ஐயா.