நிலையத்தில் நிற்கிற டீசல் எஞ்சினை நிறுத்தி வைக்க ஏலாதோ?

கோண்டாவிலான்:
கொழும்பிலிருந்து வந்த றெயில் திரும்ப வெளிக்கிடுமட்டும் எஞ்சின் ஓடிக்கொண்டே நிற்குது. வெளிக்கிடேக்கை கறுப்புப் புகை வேற. இதுக்கு டீசலிலேயே வழி இருக்கோ, இல்லாட்டி பாதையை மின்சாரமாக்கினால்தான் தீருமோ?

பழைய ஷெட்:
நிறுத்தலாம் தம்பி. நிறுத்தாததற்குக் காரணம் இரண்டு பயம்: பற்றரி இறங்கித் திரும்ப ஸ்ராட் வராது, பிறேக் காற்று கசிந்து போகும். கனடாவில் குளிருக்குத் தண்ணி உறைஞ்சு எஞ்சினில் வெடிப்பு விழும் என்பதால் ஓட விடுவார்கள். லோக்கோவை (றெயில் எஞ்சினை) ஆற்றும் தண்ணியில் அன்ரிபிறீஸ் எனும் உறையாமல் காக்கும் திரவம் பெரும்பாலும் ஊற்றுவதில்லை. எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. தானியங்கி ஸ்ராட்-ஸ்ரொப் கருவி பூட்டினால் காற்றழுத்தமோ பற்றரி வோல்ற்றோ குறையும்போது அதுவே எஞ்சினைக் கிளப்பும். சும்மா நிற்கிற பெரிய எஞ்சின் மணிக்குப் பத்து, பதினைந்து லீற்றர் டீசல் குடிக்கும்.

புகைக்கும் இப்படிச் சும்மா ஓடி நிற்பதுதான் பாதிக் காரணம். 1954 முதல் கனடாவிலிருந்து வந்த எம்2 வகை லோக்கோ எல்லாம் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். நெடுநேரம் ஐடிலில் (இழுவை இல்லாமல் மெல்ல ஓடி) நின்றால் சிலிண்டர் ஆறி, எரியாத டீசலும் ஓயிலும் புகைபோக்கிப் பாதையில் தேங்கும். பிறகு நொச்சை (எஞ்சின் வலுவைக் கூட்டும் கைபிடிப் படியை) கூட்டினதும் மொத்தமாக வெளியே வரும். ரேர்போ (புகையின் வேகத்தில் சுற்றிக் காற்றை அமுக்கிக் கொடுக்கும் விசிறி) உள்ள எஞ்சினில் கதை வேறு. டீசல் உடனே கூடும், ரேர்போ சுற்றி எழும்பக் கொஞ்சம் பிந்தும். காற்றுக் காணாமல் கறுக்கும். நொச்சைப் படிப்படியாகக் கூட்டினால் நல்லாய்க் குறையும். நல்ல வேகத்தில் ஓடும்போதும் கறுத்தால் டீசல் தெளிக்கும் இன்ஜெக்ரரையும் காற்றுப் பில்ற்றரையும் பாருங்கோ. நீலப் புகை எண்டால் ஓயில் எரியுது, பிஸ்ரன் றிங் தேய்ஞ்சிருக்கும்.

கம்பிக்காரன்:
புகையைக் குறைக்கப் புது எஞ்சின் வாங்குவதும் ஒரு வழி. லோக்கோப் புகைக்கான அமெரிக்காவின் ரியர் 4 விதி (2015) ஒரு குதிரைவலு-மணிக்கு 0.03 கிராம் துகள், 1.3 கிராம் நைதரசன் ஒக்சைட்டு வரைதான் விடுகிறது. அந்த அளவுக்கு இறங்க யூரியா தெளித்து வினையூக்கி வழியாக விடும் எஞ்சின்களும் உண்டு. அங்கே 2012 முதல் லோக்கோ டீசலிலேயே கந்தகம் 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு) தான். கந்தகம் கூடின டீசலை ஊற்றினால் வினையூக்கி கெட்டுவிடும். எஞ்சினை மட்டும் வாங்கி எரிபொருளை அப்படியே விட்டால் காசு வீண்.

மின்சாரம் என்றால் 25 கிலோவோல்ற் ஏசி. ஆனையிறவு உப்புக்காற்று, கம்பியைத் தாங்கும் இன்சுலேற்றரில் படிந்து, பனி ஈரம் பட்டதும் மின் ஒழுகும். மிகக் கூடிய மாசுக்கு ஒழுக்குத் தூரம் (இன்சுலேற்றர் மேற்பரப்பு வழியே மின் ஒழுக வேண்டிய நீளம்) கூட்டி வைப்பது வழக்கம். அங்கே சிலிக்கோன் வகைதான் நல்லது, பீங்கான் என்றால் அடிக்கடி கழுவ வேண்டும். ஒவ்வொரு கடவைக்கும் உயரத் தடுப்பும் வேண்டும், யாழ்ப்பாணப் பக்கம் கடவைகளுக்குக் குறைவில்லை.

கோண்டாவிலான்:
அப்ப வடக்குப் பாதைக்கு மின்சாரம் வேண்டாம் எண்டுறீங்களோ அண்ணை?

கம்பிக்காரன்:
இப்போதைக்கு வேண்டாம். கம்பிக்கும் உபநிலையத்துக்கும் போடும் காசு வண்டி எண்ணிக்கையில்தான் திரும்பும். நெருக்கமாக நின்று நின்று ஓடும் பாணந்துறை - வேயங்கொடைதான் முதல் இடம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஓடும் கால்ட்ரெயின் றெயில் சேவையும் 2024 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோ - சான் ஹோசே நெருக்கடிப் பகுதியைத்தான் மின்சாரமாக்கியது. வண்டி குறைந்த கில்ரோய்ப் பக்கம் டீசலில் விட்டது. இங்கே ஸ்ராட்-ஸ்ரொப் கருவியும் நல்ல டீசலும்தான் முதலில் கேட்க வேண்டியவை.

பழைய ஷெட்:
ஒன்று கவனம். எம்2 ஐ நெடுநேரம் நிறுத்தினால், திரும்ப ஸ்ராட் பண்ண முதல் சிலிண்டர் ரெஸ்ற் வால்வுகளை (ஒவ்வொரு சிலிண்டரிலும் உள்ள சோதனை வால்வுகளை) திறந்து எஞ்சினை ஒரு முழுச் சுற்றுத் திருப்புங்கோ. தண்ணி கசிந்து சிலிண்டருக்குள் நின்றால் வால்வு வழியாகத் தெறிக்கும். அதைப் பார்க்காமல் ஸ்ராட் பண்ணினால் கொனெக்ரிங் றொட் வளைஞ்சுடும். தண்ணி வந்தால் ஸ்ராட் பண்ணாமல் அந்தச் சிலிண்டரைக் கழற்றிப் பாருங்கோ.